இரண்டாம் குளியல்

எனக்கு எப்போதும் விடியற்காலையிலேயே விழிப்பு வந்துவிடும் சார். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் இருபத்தாறு வருடம் முதல் ஷிப்டு பார்த்த உடம்பு. நின்றுகொண்டே சொல்கிறேனே. உட்கார்ந்தால் கால் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

டிவியில் ‘நூறு பேர் வாக்கு’ பார்த்திருப்பீர்கள். எத்தனையோ நாட்டில் ஓடிய போட்டி, இப்போது தமிழுக்கும் வந்திருக்கிறது. குடும்பத்தில் ஐந்து பேர் நிற்க வேண்டும். பொது அறிவெல்லாம் வேண்டாம். ஒரு கேள்விக்கு நூறு பேர் என்ன பதில் சொல்லியிருப்பார்கள் என்று ஊகித்தால் போதும். ஊர் என்ன சொல்லும், ஊர் என்ன சொல்லும் என்றே வயதைக் கழித்தவன் நான். எனக்கென்றே செய்தது போல இருந்தது.

ஆனால் வீட்டில் நான், மனைவி ஈஸ்வரி, மகன் மணிகண்டன், மூன்றே பேர். மகள் பூமிகா இம்மானுவேலைக் கட்டிக்கொண்டு மீஞ்சூர் போனபோது, ஊர் வாய்க்குப் பயந்து, இனி இந்த வாசலில் கால் வைக்காதே என்று சொல்லியிருந்தேன். இரண்டு வருடம் பேச்சில்லை. போட்டிக்கு ஆள் வேண்டும் என்றதும் என் சித்தப்பா மகன் ராஜவேலுதான் தூது போனான். அவளும் புருஷனோடு வந்தாள். ஒத்திகையில், “நைனா, பஸ்ஸர நீயே அமுக்கு” என்றாள். அந்த ‘நைனா’வைக் கேட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் அழுதேன். இந்தப் போட்டி நடந்தால் அவள் மறுபடி என் வீட்டுப் பெண். நடக்காவிட்டால் பழையபடி மீஞ்சூர். தேதி தவறினால் வேறு குடும்பத்தைக் கூப்பிட்டுவிடுவோம் என்று டிவிக்காரர்கள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

அன்று ஐந்து மணிக்கே குளித்துவிட்டேன். ஏழு மணிக்குப் புதுவாயலில் வேன். இருப்புக் கொள்ளாமல் வயல் பக்கம் நடந்தேன். மோட்டார் கொட்டகை வாசலில் ராஜவேலு உட்கார்ந்திருந்தான். ஒரு கால் வீங்கியிருந்தது.

“அண்ணே, விரியன் கடிச்சிட்ச்சி. பைக்க எடுத்துக்கினு வாண்ணே, பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போய்டலாம்.”

நான் அவன் காலைப் பார்த்தேன். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பங்காளி சாவு என்றால் எங்களுக்குப் பதினாறு நாள் தீட்டு சார். நல்ல காரியத்துக்குப் படி தாண்டக் கூடாது. ஈஸ்வரி இதில் ரொம்பக் கறார். ஆனால் சேதி காதில் விழுந்த நேரத்திலிருந்துதான் தீட்டு. சாயங்காலம் கேட்டால் சாயங்காலத்திலிருந்து. உடனே கொண்டு போயிருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். அப்படியானால் தீட்டே வந்திருக்காது. அதை நான் யோசிக்கவில்லை.

வெயில் ஏறினால் தாங்க மாட்டானே என்று உள்ளே தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். “இரு, வந்துட்றேன்” என்றேன். யாராவது கூப்பிட்டு அவனை அலட்டக் கூடாது என்று போனை வாங்கிக்கொண்டேன். நாய் நுழையுமே என்று வெளியே தாழ்ப்பாள் போட்டேன். அவன் மனைவி செல்லியம்மாள் திருத்தணிக்குப் போயிருந்தாள். வீட்டில் தேட ஆளில்லை.

வந்ததும் மறுபடி குளித்தேன். “இன்னாங்க, இப்பத்தான குளிச்சீங்க?” என்று ஈஸ்வரி கேட்டாள். வியர்த்துவிட்டது என்றேன். இதை அவளே உங்களிடம் சொல்லியிருப்பாள்.

ஸ்டுடியோவில் எல்லோருடைய போனையும் வாங்கி வைத்தார்கள். நான் இரண்டு கொடுத்தேன்.

கடைசிச் சுற்றில் இரண்டு குடும்பமும் சமமாக நின்றோம். “ஆபத்து என்றால் முதலில் யாரைக் கூப்பிடுவீர்கள்?” என்று கேட்டார்கள். சட்டென்று அமுக்கி, “அண்ணனை” என்றேன். எதிர்க்குடும்பம் சிரித்தது. பலகை திரும்பியது. அதுதான் முதல் இடம், நூற்றில் முப்பத்தெட்டுப் பேர். அத்தனை வெளிச்சத்தில் பூமிகா என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்த நேரத்துக்காக நான் வருத்தப்படுகிறேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள் சார், பொய்யாகிவிடும்.

சாயங்காலம் ஆறரைக்கு நானே போய்த் தாழ்ப்பாளைத் திறந்தேன். நானே கூச்சல் போட்டு ஊரைக் கூட்டினேன். அழுததும் நிஜம்தான். தீட்டை அப்போதிருந்து ஒழுங்காகவே காத்தேன். குடும்பம் ஒன்றாக நிற்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணம் கிடையாது. ராஜவேலுவும் குடும்பம்தானே என்று கேட்கிறீர்கள். குடும்பம்தான். அவன் இருந்திருந்தால் எனக்காகக் கை தட்டியிருப்பான்.

ஸ்டுடியோவிலிருந்து திரும்பி வரும்போது வேனில் பூமிகா விடாமல் கேட்டுக்கொண்டே வந்தாள். “எப்டி நைனா அவ்ளோ சீக்கிரம் சொன்ன? எங்க எல்லாருக்கும் அம்மான்னுதான் தோணுச்சி.” நான் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காலையில் தாழ்ப்பாள் போட்ட பிறகு, வரப்பு திரும்பும்வரை எண்ணிக்கொண்டேதான் நடந்தேன் சார். ஒன்பது தடவை ‘அண்ணே’ என்று கூப்பிட்டான். ஒரு தடவைகூட வேறு யாரையும் கூப்பிடவில்லை.