கையைப் பார்த்து வந்தவன்

எனக்குச் சாப்பாட்டில் பெரிய ஆசை எல்லாம் கிடையாது சார். எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்து சாப்பிட்டால் போதும், பழைய சோறும் இறங்கிவிடும். காக்ஸ் டவுனில் எங்களுடையது பெரிய வீடு. அம்மா போய்விட்டாள், தங்கை மௌரீன் கல்யாணமாகி மெல்போர்ன் போய்விட்டாள், இப்போது அதில் நான் ஒருத்தன்தான். சர்ச்சில் “என்ன ஓஸ்வால்ட், சௌக்கியமா?” என்று கேட்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த ஆளிடம் போய்விடுவார்கள். வீட்டில் டிவியைப் போட்டுவிட்டுத்தான் தட்டெடுப்பேன். செய்தி வாசிக்கிற பெண்ணுக்கு, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்கத் தெரியாது.

அதனாலேயே விமான நிலையத்து வேலை எனக்குப் பிடித்துப்போனது. விமானம் வந்து நிற்கும் இடத்தில் எல்லோரும் காதை அடைத்துக்கொண்டுதான் நிற்போம். அங்கே பேச்சு கிடையாது, எல்லாம் கைதான். நான் முன்னால் நின்று கையை அசைத்தால் அவ்வளவு பெரிய விமானம் என்னை நோக்கி வரும். தலைக்கு மேலே குறுக்கே வைத்தால் நிற்கும். பிறகு என் ஆட்கள் போய்ச் சக்கரத்துக்கு சாக் வைப்பார்கள். சாக் என்றால் ரப்பர் கட்டை, விமானம் உருளாமல் இருக்க. அதற்கு முன்னால் இன்ஜின் ஓய வேண்டும், விமானத்தின் வயிற்றடியில் விட்டுவிட்டு எரிகிற சிவப்பு விளக்கு அணைய வேண்டும், அப்புறம் நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்ட வேண்டும். அதுவரை யாரும் கிட்டே போகக்கூடாது. ஓடுகிற இன்ஜின் ஆளை உள்ளே இழுத்துக்கொள்ளும். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே வந்து பார்த்தீர்கள்.

முனிகிருஷ்ணன் சாக் வைக்கிறவன். அடுகோடிக்காரன், என்னைவிடக் கொஞ்சம் சின்னவன், வாய் ஓயாது. அவன் மனைவி சின்னத்தாயி கட்டிக்கொடுக்கிற கேழ்வரகுக் களியில் எனக்கென்று ஒரு உருண்டை தனியாக இருக்கும். நான் மென்றால் சிரிப்பான்.

“ஓஸ்வால்ட்ணா, இது என்னா உங்க கிறிஸ்மஸ் கேக்கா, மென்னு துன்றதுக்கு? அப்படியே முழுங்குணா.”

முனி விளக்கைப் பார்க்கவே மாட்டான். வெயிலில் கண் கூசும், குனிய வேண்டும், முதுகு வலிக்கும். “உன் கை போதும்ணா எனக்கு” என்பான். நான் கண்டித்திருக்க வேண்டும். கண்டிக்கவில்லை. இந்த ஊரில் இத்தனை ஜனம் இருக்கிறது, என் கையை எதிர்பார்த்து நிற்கிறவன் அவன் ஒருத்தன்தான். அது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பிறகு பாதுகாப்புப் பிரிவுக்கு ரக்ஷிதா மேடம் வந்தார். எல்லோரையும் உட்காரவைத்து, யார் கையையும் நம்பாதீர்கள், முதலில் உங்கள் கண்ணால் விளக்கைப் பாருங்கள் என்றார். நல்ல மேடம், சொன்னதும் சரிதான். மறுநாளிலிருந்து முனி குனிந்து விளக்கைப் பார்த்தான். அது அணைந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினான், ஏதோ மீதிச் சில்லறை வாங்குகிற மாதிரி.

“என்னாடா, என் கை ஆகாதா இப்ப?” என்று கேட்டேன்.

“உன் கை செல்லாதுணா இனிமே. மேடம் ஆர்டர். சின்னத்தாயி வேற, வெளக்கு அணையாம கிட்ட போவ மாட்டேன்னு தன் தலைல கை வெக்கச் சொல்லி சத்தியம் வாங்கிட்டா.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய் அன்றைக்கு டிவியைப் போடவில்லை.

சம்பவத்தன்று மதியம் வந்த விமானத்தில் கரண்டுக் கோளாறு. வெளியிலிருந்து கரண்டு கொடுக்கிறவரை வலது இன்ஜினை நிறுத்த மாட்டோம் என்று விமானிகள் ரேடியோவில் எனக்குச் சொன்னார்கள். அதை ஆட்களிடம் சொல்வது என் பொறுப்பு. ஹரிஷ்குமாரிடம் சொன்னேன், ராகேஷிடம் சொன்னேன். வலது பக்கம் நின்ற முனியிடம் சொல்லவில்லை. அவனுக்குக் கெடுதல் நினைத்தேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கூப்பிட்டால் வருவானா என்று பார்க்க ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். பாதி வழியில் கையைக் குறுக்கே வைத்து நிறுத்திவிடலாம் என்றும் நினைத்திருந்தேன்.

பக்கத்திலும் ஒரு விமானம் இரைந்துகொண்டிருந்தது. எது ஓடுகிறது, எது ஓய்ந்தது என்று காதை வைத்துச் சொல்ல முடியாது. நான் கட்டைவிரலைத் தூக்கினேன். முனி குனிந்து விளக்கைப் பார்த்தான். எரிந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்து, கையால் “என்னா?” என்று கேட்டான். நான் சிரித்துக்கொண்டே விரலை மறுபடியும் தூக்கினேன். தலையை ஆட்டிவிட்டு, சாக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

நிறுத்த நேரம் இருந்தது. ஏன் நிறுத்தவில்லை என்று கேட்கிறீர்கள். அவன் என் முகத்தைப் பார்த்தபடியே வந்தான் சார். வேறு எதையும் பார்க்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

நீங்கள் அன்றைக்கே என்னை விசாரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள். நான் கை காட்டவில்லை என்றேன், நம்பினீர்கள். அதோடு போயிருக்கலாம். ஆனால் அங்கே எல்லோரும் முனி அவசரக்குடுக்கை, தானாகப் போய் இன்ஜினில் மாட்டிக்கொண்டான் என்று பேசுகிறார்கள். அதை என்னால் தாங்க முடியவில்லை. அவன் தானாகப் போகவில்லை. நான் கூப்பிட்டேன், வந்தான். விளக்கு எரிவதைத் தன் கண்ணால் பார்த்த பிறகும் என் கையை நம்பி வந்தான். அதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

அடுகோடிக்குப் போயிருந்தேன். சின்னத்தாயி என் கையைப் பிடித்துக்கொண்டு, “சத்தியம் பண்ணாரேண்ணா, அப்புறம் ஏன் போனாரு?” என்று அழுதாள். அந்த அழுகையிலும் உள்ளே போய் எனக்கு ஒரு தட்டில் களி வைத்துக்கொண்டு வந்தாள். மெல்லாமல் முழுங்கினேன். அவர்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. இனிமேல் அவள் தனியாகத்தான் சாப்பிட வேண்டும். அது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது சார். அதை நினைத்தால்தான் எனக்கு மனசு கேட்க மாட்டேன் என்கிறது.