ஆறாவது நாள் ஃபோன்

தொந்தரவெல்லாம் ஒண்ணுமில்லக்கா. நீங்க கதவச் சாத்திட்டு வந்து நிதானமா பேசுங்க, நான் லைன்ல இருக்கேன். இன்னிக்கு எனக்கு லீவு. வீட்லேர்ந்துதான் கூப்பிடறேன், அதான் பின்னாடி சத்தமே இல்ல. எங்க ஹெல்ப்லைன் ஆபீஸ்னா பன்னெண்டு பொண்ணுங்க வரிசையா உக்காந்து, கிருமிக்குப் பயந்து கூப்பிடறவங்ககிட்ட, கையக் கழுவுங்க, கூட்டத்துல போகாதீங்கன்னு ஒரே நேரத்துல ஒப்பிச்சிக்கிட்டிருப்பாங்க. கொஞ்ச நேரத்துல எது என் குரல், எது பக்கத்து சீட்டுக்காரி குரல்னு எனக்கே தெரியாது.

சரி, தினமும் கேக்கறதக் கேட்டுடறேன். சின்னவரு காலையிலேர்ந்து எத்தன தடவ பால் குடிச்சாரு? ரெண்டா? மணி ரெண்டரை ஆகப்போகுதேக்கா, ரெண்டே தடவதானா? ஓ, பல்லு வருதா. இருக்கும் இருக்கும். பல்லு வந்தா அப்படித்தான், எங்க உருண்டையும் மூஞ்சியத் திருப்பிக்குவா. வாயில வச்சா துப்பிட்டு, என்னமோ நான் வெஷத்தக் குடுத்த மாதிரி ஒரு பார்வ பாப்பா.

உருண்டையா? எம்பொண்ணுக்கா. வீட்ல அப்படித்தான் கூப்பிடறது. ஆமா, எனக்கும் இருக்கு. சொன்னதில்லையா? சொன்னதில்லதான். ஆபீஸ்ல சொந்தக் கத எதையும் பேசக்கூடாதுக்கா, எங்களுக்கு ரூல். ஒரு தாள் குடுத்திருப்பாங்க, அதுல என்ன இருக்கோ அத மட்டும் படிக்கணும். நீங்க அழுதாலும் அதத்தான் படிக்கணும், சிரிச்சாலும் அதத்தான் படிக்கணும். அதுக்குமேல ஒரு வார்த்த பேசினா சூப்பர்வைசர் கண்ணாடிக் கதவத் தட்டுவாரு. அவருக்கு நாங்க வச்ச பேரு மரங்கொத்தி.

எட்டு மாசம். உங்க சின்னவருக்கும் அவளுக்கும் பதினோரு நாள்தான் வித்தியாசம். அவருதான் மூத்தவரு. தூங்கறாக்கா, என் மேலயேதான் தூங்கறா. ஒரு கையில அவ, ஒரு கையில ஃபோன். நல்ல வெயிட்டு.

இன்னிக்குக் காய்ச்சல் பாத்தீங்களா? நேத்து சாயங்காலம் தொண்ணூத்தெட்டரைன்னு சொன்னீங்க. பாக்கலயா. சரி, பரவாயில்ல. தெர்மாமீட்டர் எங்க, உங்க தம்பி ரூம்லயா? எடுத்துட்டு வரச் சொல்லுங்களேன். இல்லக்கா, ஒண்ணுமில்ல, வழக்கமாப் பாக்கறதுதானே. அவசரமில்ல, தேடட்டும். அதுவரைக்கும் பேசிட்டிருக்கலாம்.

நான் என்ன பேசறது போங்க. ஆறு நாளா நான் உங்களையே கேட்டுக்கிட்டிருக்கேன், நீங்க என்னக் கேக்கறீங்க. இங்கயா? இங்க ஒண்ணும் சரியில்லக்கா. நாங்க மூணாவது மாடி. ரெண்டாவது மாடியில ஒரு டெய்லர், அவரையும் அவர் சம்சாரத்தையும் போன வாரம் கிருமின்னு ஆம்புலன்ஸ்ல கூட்டிட்டுப் போனாங்க. வாசல்ல மஞ்ச நாடா கட்டிருக்கு. ஏறி இறங்க எங்களுக்கு இருக்கறது அந்த ஒரே படிதான். அவங்க வாசலத் தாண்ட பதினாலு படி. நான் மூச்ச அடக்கிக்கிட்டு ஒரே ஓட்டமா இறங்குவேன். நான் அடக்கிடலாம். எட்டு மாசத்துப் பிள்ளைக்கு மூச்ச அடக்குன்னு யாரு சொல்லிக் குடுக்கறது? அவ மூஞ்சிய என் கழுத்துல அழுத்திக்குவேன். அவளுக்கு அது விளையாட்டு. கிக்கிக்கின்னு சிரிப்பா. சிரிச்சா இன்னும் நல்லா மூச்சிழுப்பால்ல, அதான் நான் இன்னும் வேகமா ஓடுவேன்.

எதுத்த வீட்டு டீச்சர்தான் இவளப் பாத்துக்கிட்டாங்க. அவங்களும் முந்தாநேத்து கிளம்பிட்டாங்க. அதான் லீவு. அவரா? அவரு கப்பல்லக்கா. வெல்டர். கரைக்கு வர இன்னும் மூணு மாசம். நேத்து லைன் கெடச்சுது. என்ன பண்றதுங்க, இங்கயே இருக்கவா, எங்க அக்கா வீட்டுக்குக் கிளம்பவான்னு கேட்டேன். உனக்கு எது சரின்னு படுதோ செய்ம்மான்னாரு. ரொம்பத் தங்கமான மனுஷன், எதையும் எம்மேலதான் போடுவாரு. டாக்டரக் கேட்டா, அவசியம்னா போங்கங்கறாரு. அவசியமா இல்லையான்னுதானே சாமி உங்ககிட்ட வந்தேன்! எங்க அக்காவக் கேட்டா, வந்துடு வந்துடுன்னு ஒரே பிடியா நிக்கறா. ரெண்டு நாள் கழிச்சு அவளே கூப்பிட்டு, வர்றப்ப பஸ்ல யாரு பக்கத்துலயும் உக்காராதேன்னா. நான் என்ன, கூரை மேலயா உக்கார முடியும்?

இல்ல, சிரிங்க. சிரிக்கத்தான் சொன்னேன். ஒம்போது மணி நேரம் பூட்டின பஸ்ஸு, நாப்பது பேரு. யாரு இருமுவாங்க, யாரு மூக்கச் சிந்திட்டுக் கம்பியப் பிடிப்பாங்கன்னு என்ன தெரியும்? இவளோ, கைக்கு என்ன கெடச்சாலும் நேரா வாய்க்குத்தான். இங்கயே இருந்தா அந்தப் பதினாலு படி. போனா ஒம்போது மணி நேரம். ரெண்டு பக்கமும் தீ வச்ச மாதிரி இருக்குக்கா. பைய மூணு தடவ கட்டிட்டேன், ரெண்டு தடவ பிரிச்சிட்டேன். இப்ப கட்டித்தான் வச்சிருக்கேன். வாசல்கிட்ட.

டிக்கெட்டும் போட்டாச்சு. இன்னிக்குதான், சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸு. உங்க ஊருதான்க்கா. எங்க அக்கா வீடு அங்க தண்ணித்தொட்டிக்குப் பின்னாடி. ஆமா, ஆறு நாளைக்கு முன்னாடி இங்கேர்ந்து நீங்க போன அதே பஸ்ஸுதான். ஆமாக்கா, நெஜமாத்தான். நானும் அங்கதான் வர்றதா இருக்கேன்.

கெடச்சுதா? சரி. கக்கத்துல வைங்க. சட்டையக் கழட்டிட்டு, நேரா தோல்ல படற மாதிரி. கையச் சேத்துப் பிடிச்சுக்கோங்க. அழுதா அழட்டும். இல்ல, அவரு அழற சத்தமே கேக்கலயேக்கா. முனகறாரா? எப்பலேர்ந்து முனகறாரு? ராத்திரி முழுக்கவா?

அதப் பல்லுன்னு யாரு சொன்னது, உங்க அம்மாவா. சரி சரி, அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க. பீப் சத்தம் வந்ததும் எடுங்க.

எவ்வளவு?

இன்னொரு தடவ படிங்க. வெளிச்சத்துக்கிட்ட போய்ப் படிங்க.

நூத்தி ரெண்டு புள்ளி நாலு.

இல்லக்கா, லைன் கட்டாகல. இங்கதான் இருக்கேன். உருண்டைய இந்தத் தோளுக்கு மாத்திக்கிட்டேன், அவ்வளவுதான். இப்ப நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அழுகைய அப்புறம் வச்சுக்கலாம். காலையிலேர்ந்து எத்தன தடவ ஒண்ணுக்குப் போயிருக்காரு? ஒண்ணு. அதுவும் விடிகாலையிலயா. சட்டை இல்லாமத்தானே இருக்காரு, நெஞ்சப் பாருங்க. மூச்சு விடறப்ப விலா எலும்புக்குக் கீழ குழி விழுதா? நல்லா உத்துப் பாருங்க. லேசாவா. லேசா விழுந்தாலும் விழுதுதானேக்கா? மூக்கு ரெண்டும் விரிஞ்சு விரிஞ்சு சுருங்குதா? கூப்பிட்டா கண்ணத் திறந்து பாக்கறாரா? பாக்கறாரா, நல்லது. அது நல்லது.

இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். சாயங்காலம் பாக்கலாம், ஒரு தூக்கம் தூங்கி எந்திரிச்சா சரியாயிடும், அதெல்லாம் பேசவே கூடாது. உங்க தம்பிகிட்ட வண்டி எடுத்துட்டு வரச் சொல்லுங்க. பக்கத்து வீட்டு வண்டியா, எந்த வண்டியா இருந்தாலும் சரி. போய்ட்டாரா? எவ்வளவு நேரமாகும்? பத்து நிமிஷமா. சரி, பத்து நிமிஷமும் நான் இருக்கேன். கம்பளியால போர்த்தாதீங்கக்கா, உங்க அம்மா கொண்டு வந்தாலும் வேணாம்னுடுங்க. பாலக் காட்டுங்க. ஒரு வாய் குடிச்சாலும் போதும். மருந்து எதையும் நீங்களா ஊத்தாதீங்க, எடை பாத்துட்டு அவங்க குடுப்பாங்க. வாசல்லயே சொல்லிடுங்க, ஆறு நாளைக்கு முன்னாடி பஸ்ல வந்தோம், இன்ன ஊர்லேர்ந்து வந்தோம்னு. மறைக்காதீங்க. மறைச்சா பொது வார்டுல உக்கார வச்சிடுவாங்க, அங்க எத்தன பிள்ளைங்க இருக்கும்.

என்னக்கா, என்ன சொல்றீங்க? உங்க மேல என்ன தப்பு? இங்க உங்க புகுந்த வீட்லதான் கொழுந்தனார் இருமிக்கிட்டு வந்து இறங்கினாரே. ஒரே குளியலறை, ஒரே பைப்பு. நீங்க எங்க போவீங்க? அன்னிக்கு நீங்க ஆபீசுக்குக் கூப்பிட்டப்ப தாளத்தான் படிச்சேன் உங்களுக்கு, அவசியமில்லாத பயணத்தத் தவிர்க்கவும்னு. நீங்க கேட்டீங்க, அதெல்லாம் இருக்கட்டும்மா, உனக்கு ஒரு கைக்குழந்த இருந்தா நீ என்ன பண்ணுவேன்னு. ஞாபகம் இருக்கு. ஆமா, நான்தான் சொன்னேன். நான்னா போவேன்க்கான்னு சொன்னேன். மரங்கொத்தி அப்ப டீ குடிக்கப் போயிருந்தாரு.

நான் எப்படி சமாளிக்கறேன்னா? நான் சமாளிக்கலக்கா. அத விடுங்க. வண்டி வந்துச்சான்னு எட்டிப் பாருங்க. இன்னும் இல்லையா.

ஐயோ, எங்களப் பத்தி நீங்க இப்ப எதுக்கு யோசிக்கறீங்க? இல்ல, ஏறல. இன்னிக்கு நான் பஸ் ஏறல. நீங்க வராதேன்னு சொல்றதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டேன். நூத்தி ரெண்டுன்னு சொன்னீங்கல்ல, அப்பவே. இங்கயே கதவச் சாத்திட்டு இருந்துக்கறோம். அந்தப் பதினாலு படிய இறங்காம இருந்தா போச்சு. அரிசி இருக்கு, பால்பவுடர் இருக்கு. நாங்க இருந்துக்குவோம்.

நீங்க ரொம்ப நல்லவங்கக்கா. பிள்ள இப்படிக் கெடக்கறப்பவும் எம்பிள்ளையக் கேக்கறீங்க பாருங்க. வேணாம், எனக்கு நன்றியெல்லாம் சொல்லாதீங்க. ப்ளீஸ். தெய்வம் அனுப்பின மாதிரி தினமும் கூப்பிட்டேனா? சொல்லாதீங்கக்கா. எங்க ஆபீஸ்ல யாரும் யாரையும் திரும்பக் கூப்பிட மாட்டாங்க. அப்படி ஒரு வேலையே அங்க கிடையாது. உங்க நம்பரத் திரையப் பாத்து நான் மணிக்கட்டுல எழுதிக்கிட்டேன், வெளிய வந்து என் சொந்த ஃபோன்லேர்ந்துதான் கூப்பிட்டேன். அன்னிக்கு எங்கிட்ட நூத்திப் பத்துப் பேரு பேசினாங்க. இந்தக் கிருமி எப்பம்மா போகும்னு தினமும் ஒரு பெரியவர் கேப்பாரு, என்னமோ நான்தான் அத அவுத்துவிட்ட மாதிரி. அவரும் பேசினாரு. மத்த யாரையும் நான் கூப்பிடல. உங்கள மட்டும்தான்.

என்னது? அதே பஸ்ஸுன்னா உங்களோடயே வந்திருக்கலாமேன்னா? துணைக்குத் துணையாச்சு, பிள்ளைங்கள மாத்தி மாத்தி மடியில வச்சிருக்கலாம்னா?

சீட்டு இருந்துச்சுக்கா. பாத்தேன். நீங்க ஃபோன வச்சதும் அங்கயே, மேஜைக்கு அடியில வச்சு டிக்கெட் போட்டேன். அன்னிக்கு பஸ்ல பதினேழு சீட்டு காலியா இருந்துச்சு. நான்தான் ஆறு நாள் தள்ளிப் போட்டேன். கிருமி உள்ள போயிருந்தா அஞ்சாறு நாளைக்குள்ள வெளிய தெரியும்னு எங்க தாள்ல போட்டிருக்கும். அதே வயசு, அதே ஊரு, அதே பஸ்ஸு. சின்னவரு நல்லாயிருந்தா நானும் ஏறலாம்னு. தினமும் எழுதி வச்சேன். தேதி, பால், காய்ச்சல். கான்வென்ட்ல படிச்சவ பாருங்க, ஸ்கேல் வச்சு கோடு போட்டு.

அக்கா.

அக்கா, வண்டிச் சத்தம் கேக்குது. வந்துடுச்சு, போங்க. அவர நிமிர்த்தி வச்சுக்கோங்க, படுக்க வைக்காதீங்க. ஜன்னலத் திறந்து வைங்க. என்னைய என்ன வேணும்னாலும் சொல்லுங்க, ஆனா ஏறிட்டுச் சொல்லுங்க. அங்க ஒரு ஃபாரம் குடுப்பாங்க. யாரு சொல்லி பயணம் பண்ணீங்கன்னு ஒரு கட்டம் இருக்கும், நெறைய பேரு அத வெறுமனே விட்டுடுவாங்க. நீங்க விடாதீங்க. என் முழுப்பேரு சொல்றேன், எழுதிக்கிறீங்களா?