ஊதிக் காட்டினேன்

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. பரவாயில்லை, உட்கார்ந்துகொள்கிறேன்.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். என் வாக்குமூலம் என்று எழுதியதை வாசித்துக் காட்டுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. வாசித்தாலும் நம்பமாட்டேன், அது வேறு விஷயம். முதல் வரியிலேயே 'குடிபோதையில்' என்று போட்டிருக்கிறீர்கள். அதை அடியுங்கள்.

மாட்டுத்தீவன ஆலையில் நானும் என் மகளின் புருஷனும் ஒரே மெஷினில் வேலை. தீவனம் கலக்கும் டிரம்முக்குள் அப்பியிருப்பதைச் சுரண்ட ஒருவர் இறங்க வேண்டும். இறங்குகிறவர் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும், அதுதான் முறை; அது இல்லாமல் மெஷின் ஓடாது. உள்ளே குனிந்தால் அது தொடையில் குத்தும். அதனால் வெளியே நிற்பவரிடம் கொடுப்பது என்று வைத்துக்கொண்டோம். கொடுக்கும் முன் மாப்பிள்ளை, "ஊதுங்க மாமா" என்பார். சாராய வாடை வந்தால் கட்டை அவரிடமே இருக்கும்.

நாற்பது நாளாக வாடை இல்லை. அவர்தான் விட வைத்தார். "குடிக்கலன்னா மாமா தங்கம்" என்று ஆலை முழுக்கச் சொன்னார். என் வீட்டுக்காரி அப்படிச் சொன்னதில்லை. அவளுக்குத் தெரியும். முப்பது வருஷத்துக்கு முன்னால் அவள் மணிக்கட்டை முறித்தபோது நான் ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை. முறித்துவிட்டுத்தான் சாராயக் கடைக்குப் போனேன். எப்போதும் அந்த வரிசைதான். குடிகாரன் அடித்தான் என்றால் ஜனங்கள் பாட்டிலைத்தான் திட்டுவார்கள்.

போன வாரம் அவள் கன்னம் வீங்கியிருந்ததை மாப்பிள்ளை பார்த்துவிட்டார்.

"குடிச்சாரா அத்தை?"

"இல்லப்பா."

பிறகு, "வெள்ளிக்கிழமை நான் வந்து கூட்டிட்டுப் போறேன். இனிமே நீங்க எங்களோடதான்" என்றார்.

துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் போனால் சோறு யார் போடுவது என்றுகூட ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

வியாழக்கிழமை டிரம் சுரண்டும் நாள். அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் பழக்கம் விடுமா? "ஊதுங்க" என்றார். ஊதினேன். வாடை இல்லை. கட்டையை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார்.

நான் அவசரப்படவில்லை. அவர் சுரண்டி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். வேலை பாதியில் நிற்கக் கூடாது. உள்ளேயிருந்து, "முடிஞ்சிது, கை குடுங்க மாமா" என்றார். கட்டையைச் செருகினேன். பொத்தானை அழுத்தினேன்.

கை நடுங்கவில்லை. குடியை விட்டால் உடம்பு தெளிந்துவிடும் என்று மாப்பிள்ளை சொன்னது சரிதான்.