கழற்றியவரும் மாட்டியவனும்

நல்ல நாற்காலி, ஐயா. எங்கள் பட்டறையில் உட்காருவதற்குப் பழைய டயர்தான் உண்டு. இப்படி முதுகைச் சாய்த்துப் பேசி நாளாகிறது.

மாமாவைப் பார்க்க நான் வரவில்லை. அவர் என் அக்காவின் புருஷன், பட்டறையில் என் கூட்டாளி. அவர் பழுது பார்த்த வண்டியின் பின்சக்கரம் ஓட்டத்தில் கழன்று விழுந்தது, அதை ஓட்டிப் போன என் அக்கா செத்துப்போனாள், அதனால் அவரை உள்ளே வைத்திருக்கிறீர்கள். எல்லாம் சரி. ஒரு இடத்தில் மட்டும் தவறு இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன்.

முதலில் பேரிங்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மீதி புரியாது. எங்கள் வீட்டு வண்டி பழைய காலத்துக் கார். பின்சக்கரம், ஆக்சில் என்ற இரும்புத் தண்டின் முனையில் இருக்கும். தண்டின்மேல் பேரிங், அதை ஒட்டி ஒரு வளையம். இரண்டையும் பிரஸ் என்ற இரும்புச் சட்டத்தில் வைத்து, ஜாக்கியால் அழுத்தி, தண்டின்மேல் இறுக்கமாக ஏற்ற வேண்டும். சக்கரமும் தண்டுமாக வண்டியை விட்டு வெளியே நழுவிவிடாமல் பிடித்துவைத்திருப்பது அந்த இறுக்கம்தான். வேறு ஆணியும் கிடையாது, பூட்டும் கிடையாது. ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியாது. தெரிந்தால் பாதிப் பேர் நடந்தே போவார்கள்.

மாமா கெட்டவர் இல்லை. யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் சாவு வீட்டில் பிணமாகவும் தானே இருக்க வேண்டும் என்று நினைக்கிற ஆள், அவ்வளவுதான். துருப்பிடித்த நட்டு ஒன்றோடு நான் காலையிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். எண்ணெய் விட்டு ஊறவைப்பேன், தட்டுவேன், கொஞ்சம் முன்னே திருப்பி கொஞ்சம் பின்னே திருப்புவேன். அது இளகிக் கொடுக்கிற நேரம் பார்த்து என் முதுகுக்குப் பின்னால் நிழல் விழும். "கொடு இங்க" என்பார். கையில் இருக்கும் ஸ்பானரை வாங்கிக்கொள்வார். ஒரே இழுப்பு, வந்துவிடும். "பாத்தியா மாப்ளே? அதுக்கெல்லாம் ஒரு கை வேணும்."

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அடித்ததெல்லாம் நான். நகர்த்தியவர் என்ற பெயர் மட்டும் எப்போதும் அவருக்கு. வாடிக்கைக்காரர்கள் அவருக்குக் கைகொடுத்துவிட்டு, என்னிடம் வண்டியைத் துடைத்துத் தரச் சொல்லிவிட்டுப் போவார்கள். நான் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவன் என்று பட்டறைத் தெரு முழுக்க எனக்குப் பெயர். கோபம் என்பது எனக்கு வராது, ஐயா. வருகிற மாதிரி இருக்கும். கொஞ்சம் தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும்.

வண்டியின் பின்னாலிருந்து ஊளைச் சத்தம் வருகிறது என்று அக்கா சொன்னாள். சக்கரத்தைக் கழற்றினேன், பிரேக் டிரம்மைக் கழற்றினேன், ஆக்சிலை உருவினேன். பழைய வளையத்தில் துளை போட்டு, உளி வைத்துப் பிளந்தேன். அது வந்துவிட்டது. பேரிங் வரவில்லை. துரு அதைத் தண்டோடு தண்டாக ஆக்கியிருந்தது. பிரஸ்ஸில் ஏற்றி ஜாக்கியை அடித்தேன். இரும்பு முனகியதே தவிர அசையவில்லை. சிலர் நெருப்பு வைப்பார்கள். வைத்தால் தண்டு கெட்டுவிடும், அது எனக்குப் பிடிக்காத வேலை. பிடிவாதம் பிடிக்கிற பேரிங்கை விட்டுப் பிடிக்க வேண்டும். அழுத்தத்தை அப்படியே வைத்துவிட்டு, எண்ணெய் விட்டு, சுற்றிலும் மெல்லத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சாப்பாட்டு வேளைவரை தட்டினேன். ஒரு சமயம் சுத்தியலின் சத்தம் மாறியது. இறுக்கம் விடத் தொடங்கும்போது சத்தம் மாறும். இனி ஒரு அடிதான் என்று தெரிந்தது. கண்ணில் எண்ணெயும் வியர்வையுமாக வழிந்ததால், முகத்தைக் கழுவிவிட்டு வந்து அந்த ஒரு அடியை அடிக்கலாம் என்று குழாயடிக்குப் போனேன்.

திரும்பி வரும்போது ஜாக்கியின் கம்பி மாமாவின் கையில் இருந்தது. துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். பேரிங் தரையில் உருண்டது.

"காலையில இருந்து இதுக்குத் தாலாட்டா பாடிக்கிட்டு இருந்தே மாப்ளே? நான் கை வெச்சேன், எந்திரிச்சு வந்துடுச்சு பாரு."

வண்டிக்காகக் காத்திருந்தவர்கள், பக்கத்துக் கொட்டகைப் பெயிண்டர், சாப்பாட்டுத் தூக்கோடு வந்த அக்கா, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாமா கையைத் துடைத்துக்கொண்டே, "மாட்டுறதை நீயே மாட்டிடு. அது யார் வேணாலும் செய்யற வேலைதானே" என்றார்.

யார் வேண்டுமானாலும் செய்கிற வேலையை நான் எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன். தண்டில் துரு இருந்தது. உப்புத்தாள் எடுத்துத் தேய்த்தேன். துரு போய்விட்டது. போன பிறகும் தேய்த்தேன். பிறகு புது வளையத்தை எடுத்து, அதன் உள்பக்கத்தையும் தேய்த்தேன். புது பேரிங்கும் வளையமும் விரலால் தள்ளினாலே தண்டின்மேல் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும்வரை தேய்த்தேன். பிரஸ் தேவைப்படவில்லை. மற்றதெல்லாம் ஒழுங்காகச் செய்தேன். நட்டுகளை முறையாக முறுக்கினேன், பிரேக்கைச் சரிபார்த்தேன், டிரம்மைக்கூடத் துடைத்தேன். வளாகத்துக்குள் மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். பூனை நடக்கிற மாதிரி ஓடியது.

நேர்ச்சாலையில் ஒன்றும் ஆகாது. வளைவில் வண்டி சாயும்போதுதான் சக்கரம் கொஞ்சம் வெளியே வரும். அடுத்த வளைவில் இன்னும் கொஞ்சம். தண்ணீர்த் தொட்டி மேட்டிலிருந்து இறங்கும் சாலை முழுக்க வளைவு. மாமா சாமான் வாங்க அந்த வழியாகத்தான் போவார். அவருக்கு ஒரு பாடம் ஆகட்டும் என்று நினைத்தேன். கையோ காலோ, அந்த அளவுக்குத்தான் நினைத்தேன்.

மறுநாள் காலை அவர் ஒரு இன்ஜினில் தலையை விட்டிருந்தார். அக்கா வந்தாள். மேட்டுக்குக் கீழே இருக்கிற பல் டாக்டரிடம் போக வேண்டும், வண்டி தயாரா என்று கேட்டாள்.

"ஓட்டலாமாடா தம்பி? சத்தம் வராதே?"

"வராதுக்கா" என்றேன். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

"அப்படியே உனக்கு ரெண்டு சட்டை எடுத்துட்டு வரேன். இதைப் பார்க்கச் சகிக்கலை" என்றாள். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டாள், கிளம்பினாள்.

தடுத்திருக்கலாமே என்கிறீர்கள். தடுத்திருக்கலாம்தான். தடுத்தால் காரணம் சொல்ல வேண்டும். ஏதாவது பொய் சொல்லியிருந்தாலும், மறுபடி ஆக்சிலை உருவ வேண்டியிருக்கும். மாமா அங்கேயே நின்றிருந்தார். "மாட்டக்கூடத் தெரியலையாடா உனக்கு?" என்று கையை நீட்டியிருப்பார். வண்டி வாசலைத் தாண்டும்வரை இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். தாண்டிய பிறகு வேறொரு வேலையை எடுத்துக்கொண்டேன். நட்டு கொஞ்சம் முரண்டு பிடித்தது. அன்று அதை நானே கழற்றினேன்.

அக்காமேல் கோபமா என்று கேட்கிறீர்கள். என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள், ஐயா. அவள்மேல் எனக்கு என்ன கோபம்? பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள் என்றேனே, முதலில் சிரித்தது அவள். வாயைப் பொத்திக்கொண்டு, தூக்கைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அதைக் கோபம் என்று எழுதாதீர்கள். வருத்தம் என்று எழுதுங்கள்.

மனசாட்சி உறுத்தி ஓடி வந்திருக்கிறான் என்றும் எழுத வேண்டாம். பேசாமல் இருந்திருந்தால் யாரும் என்னைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் மாமா உங்கள் வாசலில் தலையில் அடித்துக்கொண்டு, "கழட்டுனதும் நான்தான், மாட்டுனதும் நான்தான், என் பொண்டாட்டியை நானே கொன்னுட்டேன்" என்று அழுதாராம். பெயிண்டர் பார்த்துவிட்டு வந்து சொன்னான். சொல்லும்போது அவனும் அழுதான். தெருவே அவருக்காக அழுகிறது. கூடப் பிறந்தவன் ஒருவன் இங்கே நிற்கிறான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கழற்றியது அவர். சரி, அது அவருக்கே இருக்கட்டும். மாட்டியது நான். முதலிலிருந்து கடைசிவரை அதில் வேறு யாரும் கை வைக்கவில்லை.