இடது பக்கமாகப் பாயும் திட்டம்

பர்மாவில், பசுந்தாங் நிறுத்தத்தில் பஸ் ஏறிய இரண்டு பேர் எனக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து தமிழில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"நாளைக்கு நாலு பசங்களையும் இடது பக்கமா அவன் மேல பாயச் சொல்லிரு," என்றார் மூத்தவர், பஸ் இரைச்சலையும் மீறி.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒருத்தன் மேல எதுக்குண்ணே நாலு பேரு?"

"அவன் பந்தை எறியறதுக்குள்ள மறிச்சிரணும். எறிய விட்டா ஆட்டம் போச்சு."

பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்தைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பவர்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

"இதுலயும் தோத்தா மைதானத்த பேட்மிண்டனுக்குக் கொடுத்துருவாங்களாம்ண்ணே."

"அதான் சொல்றேன். இடது பக்கம். மறந்துராத."

அடுத்த நிறுத்தத்தில், என் பக்கத்தில் பர்மியப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர் எழுந்தார். பின்னால் திரும்பி, நல்ல தமிழில், "பந்து எறியறது என் மகன்தான். வீட்டுல சொல்லிர்றேன்," என்று சிரித்துவிட்டு இறங்கிப் போனார்.

பஸ் கிளம்பியதும் பின்னாலிருந்து இளையவர் குரல் வந்தது.

"போச்சுண்ணே. பர்மாக்காரருன்னுல்ல நெனச்சோம்."

"நீ நெனச்ச. போன ஆட்டத்துல மகனைப் பார்த்துத் தமிழ்ல கத்திக்கிட்டு நின்னவர் அவருதான். இங்க உட்கார்ந்திருக்கறதப் பார்த்துத்தான் நான் வாயையே தொறந்தேன்."

"அப்ப நாளைக்கு?"

"நாலு பேரும் இடது பக்கம் போய் நிக்கட்டும். பாயறது வலது பக்கத்துல இருக்கற அஞ்சாவது பையன்."