கல்யாணம் நடத்தி வைக்க வந்த கண்டக்டர்

நண்பர்களே, எனக்கு மேடைப் பழக்கம் குறைவு. அதனால் சொல்லப்போவதை முதலிலேயே எண் போட்டுச் சொல்லிவிடுகிறேன். நான் வழி தவறினால் யாராவது கை தூக்குங்கள்.

ஒன்று: ஐயர் இல்லாத கல்யாணத்தை நடத்தி வைக்கிறவர் குறைவாகப் பேச வேண்டும்.

இரண்டு: நல்ல நேரம், கெட்ட நேரம் என்று யார் வந்து கெஞ்சினாலும் அசையக் கூடாது.

மூன்று: முன்பு பார்த்த வேலையை எல்லாம் செருப்போடு மண்டப வாசலிலேயே விட்டுவிட வேண்டும்.

மூன்றாவது முக்கியமாக உங்களுக்கு. இங்கே தாலுகா ஆபீஸில் இருந்தவர் இருக்கிறீர்கள், மருந்துக்கடை வைத்திருந்தவர் இருக்கிறீர்கள். இந்த வயதில் கல்யாணம் நடத்தி வைக்கக் கற்றுக்கொள்ள வந்திருக்கிறீர்கள். அதனால் ஒரு சின்னக் கதை சொல்கிறேன்... கதை என்றால் கதையும் இல்லை, நானே இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்தது.

துறையூரில் மாசிலாமணி என்று ஒருவர். பி.ஏ. படித்தவர். படித்துவிட்டு என்ன செய்தார்? பஸ்ஸில் கண்டக்டர். அப்புறம் ஜவுளிக்கடை. அப்புறம் கோழிப்பண்ணை, அதுவும் போனது. ஒரு நண்பர் இறந்தபோது படத்திறப்பில் பேச ஆள் வரவில்லை. இவர் எழுந்து நான்கு வார்த்தை பேசினார். அன்றிலிருந்து கல்யாணம், காதணி விழா எல்லாவற்றுக்கும் இவரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ஆனால் ஊர் விடுமா? முதல் கல்யாணத்தில் இவர் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுக்கிறார். பின்னாலிருந்து ஒரு குரல். "மாமா, பாத்து வாங்கு. மீதிச் சில்லறை அப்பறம் தரேம்பாரு." மண்டபமே சிரித்தது. அதற்குப் பிறகு மாசிலாமணி பஸ் என்ற வார்த்தையையே வாயில் எடுப்பதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை. மணமகள் பூவிழி, மணமகன் இளம்பரிதி. பத்தரைக்கு ராகு காலம். அதற்காகவே வேண்டுமென்று பத்தே முக்காலுக்குத் தாலி என்று அழைப்பிதழில் போட்டிருந்தோம். நம்மைத் தவிர வேறு யார் செய்வார்கள்? அதில் நமக்கு ஒரு பெருமை...

மேடையில் ஒரு பேராசிரியர் பேசிக்கொண்டிருந்தார். பெண்ணின் அம்மா செல்லக்கண்ணு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். ஐயர் இல்லாத கல்யாணத்துக்கு அண்ணன் தம்பிகள் எல்லாரும் வரமாட்டோம் என்று சொல்லியும் தனியாக வந்த அம்மா. மகளைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. கைப்பையைப் பிடித்துக்கொண்டு வாசலையே பார்க்கிறார். கடிகாரத்தைப் பார்க்கிறார். மறுபடியும் வாசல்.

மாசிலாமணி கிட்டே போய்க் குனிந்து, என்னம்மா என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க. பத்தரை ஆனா நான் வெளிய போயி நின்னுக்கறேன். நீங்க உங்க முறைப்படி நடத்துங்க. எங் கண்ணால அதப் பாக்க முடியாது."

பூவிழி காதிலும் விழுந்துவிட்டது. அவள் கையிலிருந்த மாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

என்ன செய்வது? அந்த அம்மா வெளியே போனால், பெற்றவள் பார்க்காத கல்யாணம். அவரை உட்கார வைக்கப் பத்தரைக்கு முன்பே தாலி கட்டினால் நம் கொள்கை... என்னாலேயே உட்கார முடியவில்லை. பேராசிரியர் அப்போதுதான் சங்க காலத்தை முடித்திருந்தார். இன்னும் எத்தனை காலம் பாக்கி?

மாசிலாமணி மேடை ஏறினார். பேராசிரியரின் ஜிப்பாவை லேசாக இழுத்தார். மைக்கில் எல்லாருக்கும் கேட்டது.

"ஐயா, கொஞ்சம் நிறுத்துங்க. எறங்கற ஆளு இருக்கு."

பேராசிரியர் திகைத்துப்போய் நிறுத்திவிட்டார். வேறு யாராவது பேசப் போகிறாரா என்று மாசிலாமணி பார்க்கவே இல்லை. உறுதிமொழி, மாலை, தாலி. மணி பத்தரை ஆகவில்லை. செல்லக்கண்ணு எழுந்து வந்து மகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை.

பந்தியில் நம் ஆட்கள் மாசிலாமணியைச் சும்மா விடவில்லை. "என்னண்ணே, கொள்கைய நடுரோட்டுல எறக்கி விட்டுட்டீங்க போல?" அவர் சாப்பாட்டில் கை வைக்காமல் சொன்னார். "எனக்கு ராகு காலம் கெடையாதுப்பா. அந்தம்மாவுக்கு இருக்கு. பஸ்ல நிறுத்துங்கன்னு வாயத் தொறந்து கேக்க வெக்கப்பட்டு, எறங்க வேண்டிய ஊர விட்டுட்டு கடைசி ஸ்டாப்புல நின்னு அழுதவங்களப் பாத்திருக்கேன். அந்த மூஞ்சி எனக்குத் தெரியும்." பிறகு என் பக்கம் திரும்பி, "நான் செஞ்சது தப்பாய்யா?" என்று கேட்டார். நான் தண்ணீர் குடித்தேன்.

இந்தக் கதையை உங்களுக்கு எதற்குச் சொன்னேன்? முதல் கருத்து நிற்கிறது. பேச்சு இன்னும் நீண்டிருந்தால் அந்த அம்மா வெளியே போயிருப்பார். இரண்டாவது... நண்பர்களே, நேரம் பார்க்காமல் இருப்பதற்காகவே நேரம் குறித்தோமே, அது என்ன? இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கு விடை தெரிந்தால் சொல்லுங்கள்.

மூன்றாவதைப் பற்றிச் சந்தேகமே இல்லை. பஸ்ஸோ, மருந்துக்கடையோ, தாலுகா ஆபீஸோ, அங்கே மனிதர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது உங்களிடம் இருக்கிறது. அதை மேடைக்குக் கொண்டு வாருங்கள். நான் மூன்றாவதாகச் சொன்னது தப்பு. அடித்துவிடுங்கள்.