ஒன்பது நிமிடம் நாற்பத்தொன்று புள்ளி எட்டு

படத்தில் இறைச்சி பொதிந்த டொர்டெல்லினி மாவு வளையங்களின் மேல் பாலாடையை ஊற்றிப் பரிமாறுகிறார்கள். 1957இல் நம் மலையூர் மோந்தெகாவோவின் எந்த வீட்டிலும் இப்படி நடந்திருக்காது. சேவலை வேகவைத்து இறக்கிய தெளிந்த சூப்பில் மிதக்கவிட்டுத்தான் கொடுப்போம். முகம் பார்த்துப் பேசாத குடும்பங்கள்கூட இந்த ஒரு விஷயத்தில் ஒரே கட்சி. வரலாற்றுப் படம் என்று போஸ்டரில் போட்டுக்கொள்கிறவர்கள் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நாற்பத்தொரு ஆண்டுகளாக இந்த வாரப் பத்திரிகையில் நான் திரைப்பட விமர்சனம் எழுதிவருகிறேன். என் நேர்மையை யாரும் சந்தேகித்ததில்லை. பல படங்களை இடைவேளை வரைக்கும் பார்த்திருக்கிறேன், சிலவற்றைப் போஸ்டர் வரைக்கும். ஆனால் ‘பத்தில் இரண்டு’ என்ற இந்தப் படத்தை முழுதாகப் பார்த்தேன். இரண்டு மணி நேரம் பதினெட்டு நிமிடம். நடுவில் ஒருமுறைகூட எழுந்து போகவில்லை. எழுபத்தொன்பது வயதுக்காரனுக்கு அது சாதாரணத் தியாகம் அல்ல.

கதை நம் ஊருக்குத் தெரிந்ததுதான். ஆற்றுப் பாலத்தில் தொடங்கி, பதினோரு கிலோமீட்டர் மலையேறி, மேலே தேவாலயச் சதுக்கத்தில் முடிந்த கார்ப் பந்தயம். எர்மெஸ் கியரோனியும் நெரியோ பர்பாந்தியும் மோதினார்கள். நெரியோ ஒரு நொடியின் பத்தில் இரண்டு பங்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். அதற்குப் பிறகு இருவரும் அறுபது ஆண்டுகள் பேசிக்கொள்ளவில்லை.

படத்தில் இரண்டு கார்களும் பக்கத்துப் பக்கத்தில் உரசிக்கொண்டு ஏறுகின்றன. மழை வேறு. அன்று செப்டம்பர் வெயில் மண்டையைப் பிளந்தது. தவிர, அது இரண்டு ஆடுகள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கியாக வேண்டிய சாலை. ஒருவர் மேலே வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்தவரைக் கீழேயிருந்து அனுப்புவார்கள். எர்மெஸும் நெரியோவும் பந்தயத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. யார் வேகமாக வந்தார் என்பதைச் சொல்லக்கூடியவர் அந்த மலையில் ஒரே ஒரு ஆள், முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் கடிகாரத்தோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்.

அந்த ஆள் நான்தான். வழக்கமாக நேரம் பார்க்கும் பள்ளி ஆசிரியருக்கு அந்த வாரம் கன்னம் வீங்கிப் பொன்னுக்குவீங்கி வந்துவிட்டது. எனக்கு வயது பத்தொன்பது, கையெழுத்து நன்றாக இருக்கும். வேறு தகுதி எதுவும் கேட்கவில்லை.

படத்தில் என் வேடத்தில் வருபவர் பருத்த மனிதர், மீசைக்காரர். மொத்தம் நான்கு நொடி வருகிறார். கடிகாரத்தை முறைத்துப் பார்க்கிறார், நெற்றியைச் சுருக்குகிறார், போய்விடுகிறார். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது அவர் வெறும் ‘கடிகாரக்காரர்’. எர்மெஸின் நாய்க்குப் பெயர் போட்டிருக்கிறார்கள். எர்மெஸிடம் நாயே இருந்ததில்லை. எனக்கு இது மிகவும் வலித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை, ஆனால் நான் இப்போது எழுதுவது அந்த வலியால் அல்ல. வரலாறு சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வேலை எளிமையானது. கீழே கார் கிளம்பியதும் தொலைபேசி மணி அடிக்கும், நான் கடிகாரத்தை ஓடவிட வேண்டும். கார் கோட்டைத் தாண்டியதும் நிறுத்த வேண்டும். காலை முழுவதும் குறையில்லாமல் செய்தேன். நெரியோ வந்தபோது சரியாக மதியம். ஒன்பது நிமிடம் நாற்பத்தொன்று புள்ளி ஆறு. அந்த எண் சுத்தமான எண். என் கண்ணால் பார்த்து, என் கட்டைவிரலால் அழுத்தியது. அதன் மீது யாரும் விரல் நீட்ட முடியாது.

என் நாற்காலிக்குப் பின்னால் ஊர் விடுதியின் சமையலறை ஜன்னல். அங்கே சமைத்தவர் அர்ஜீயா, நெரியோவின் அத்தை. தலையை வெளியே நீட்டினார்.

“என்னப்பா அடெல்மோ, எங்க பையன் எவ்வளவு?”

“ஒம்பது நாப்பத்தொண்ணு புள்ளி ஆறு.”

“அது நல்லதா, கெட்டதா?”

“இதுவரைக்கும் வந்ததுல அதுதான் முதல்.”

“அப்போ இன்னொரு கிண்ணம் சாப்பிடு. எலும்பும் தோலுமா உக்காந்திருக்கே. கடிகாரம்தான் உன்னைத் தூக்கிட்டு நிக்குற மாதிரி இருக்கு.”

இதில் லஞ்சம் எதுவும் இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். முதல் கிண்ணம் நெரியோ கிளம்புவதற்கு முன்பே வந்துவிட்டது.

தொலைபேசி அடித்தது. எர்மெஸ் கிளம்பிவிட்டார். கடிகாரத்தை அழுத்திவிட்டுக் கிண்ணத்தை எடுத்தேன். ஒன்பதரை நிமிடம் என்பது ஒரு கிண்ணத்துக்குத் தாராளம். இரண்டாவது கிண்ணத்தை அர்ஜீயா விளிம்புவரை நிரப்பியிருந்தார், சூப்பும் கொதித்துக்கொண்டிருந்தது. ஊதி ஊதித்தான் சாப்பிட முடிந்தது. கடைசி ஏழெட்டு டொர்டெல்லினி அடியில் தங்கிவிட்டன. அவற்றைத் துரத்திக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு சத்தம் போயிற்று, காற்றும் அடித்தது. மக்கள் கத்தினார்கள். நான் தலை நிமிர்ந்தபோது கார் சதுக்கத்தின் அந்தப் பக்கம் நின்றிருந்தது, எர்மெஸ் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். கடிகாரம் என் மடியில் ஓடிக்கொண்டே இருந்தது. பத்து நிமிடத்தைத் தாண்டியிருந்தது.

இந்த இடத்தில் பதற்றப்படுகிறவர்கள் உண்டு. நான் பதறவில்லை. முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டு நிதானமாக யோசித்தேன். நெரியோவின் எண் உண்மையானது, அதை மாற்றினால் அது மோசடி. ஆகவே எர்மெஸுக்கு மட்டும் ஒன்று தேட வேண்டும். நெரியோவைவிடக் குறைவாக எழுதினால், இன்னும் சூப் கரண்டியைக் கையில் வைத்திருக்கும் பெண்மணியின் மனம் புண்படும். அதிகமாக எழுதினால் எர்மெஸின் மனம் புண்படும். இரண்டு பேரையும் கூடியவரை நோகடிக்காத ஒரு எண் வேண்டும். கண்ணுக்கே தெரியாத அளவு சின்ன வித்தியாசம். ஒன்பது நாற்பத்தொன்று புள்ளி எட்டு என்று எழுதினேன். அதில் எட்டு கொஞ்சம் சாய்ந்திருக்கும், காகிதத்தில் சூப் பட்டுவிட்டது.

எர்மெஸ் முகமெல்லாம் கரியோடு நாற்காலிக்கு எதிரே வந்து நின்றார்.

“சொல்லுடா.”

சொன்னேன்.

“பத்துல ரெண்டா? பொய். கடைசி மூணு வளைவுல நான் பிரேக்கே தொடலை. இந்தக் கடிகாரம் பொய் சொல்லுது. இல்லேன்னா நீ சொல்றே.”

“கடிகாரம் பொய் சொல்லாதுங்க” என்றேன்.

கடிகாரத்தைப் பொறுத்தவரை அது முழு உண்மை.

பிறகுதான் ஒன்று எனக்குப் புரிந்தது. பத்து நொடி என்று எழுதியிருந்தால் எர்மெஸ் தோளைக் குலுக்கிவிட்டு, ஒரு கோப்பை லாம்ப்ரூஸ்கோ ஒயின் குடித்துவிட்டுப் போயிருப்பார். பத்தில் இரண்டு பங்கு என்பது ஒருவனைத் தூங்கவிடாத அளவு. என் இரக்கமே அவருக்கு வினையாகிவிட்டது. இரக்கத்துக்கு யாரைக் குறை சொல்வது?

நெரியோவை மோதெனாவின் பெரிய கார்த் தொழிற்சாலை ஒன்று ஓட்டுநராக அழைத்துக்கொண்டது. எர்மெஸ் ஊரிலேயே டிராக்டர் பழுதுபார்த்தார். தோற்றதைத் தாங்காமல் கடிகாரத்தின் மேல் பழி போட்டவன் என்று ஊரே அவரைப் பார்த்துச் சிரித்தது. “பத்துல ரெண்டு, என் டிராக்டர் ஆச்சா?” என்றுதான் வாசலில் நின்று கூப்பிடுவார்கள். நானும் கூப்பிட்டிருக்கிறேன், ஊரோடு ஒத்துப்போக வேண்டுமல்லவா. எர்மெஸின் தங்கை இல்வாவுக்கும் நெரியோவுக்கும் நிச்சயமாகியிருந்தது. அண்ணன் பெயரைக் கேட்டாலே சிரிக்கிற வீட்டுக்கு மருமகளாகப் போகமாட்டேன் என்று இல்வா மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நெரியோ வேறு ஒருவரை மணந்தார், இல்வா யாரையும் மணக்கவில்லை. தேவாலயத்தில் இரண்டு குடும்பங்களும் இடது பக்கம், வலது பக்கம் என்று பிரிந்து உட்கார்ந்தன. நான் நடுவில் உட்கார்வேன், எனக்கு யாரோடும் பகை இல்லை.

இப்போது படத்துக்கு வருகிறேன். உச்சக் காட்சியில் கடிகார முகம் திரை முழுவதையும் நிறைக்கிறது. முள் மெதுவாக நகர்ந்து, ஒன்பது நாற்பத்தொன்று புள்ளி எட்டில் நிற்கிறது. அரங்கமே மூச்சை இழுத்துப் பிடித்தது. முன்வரிசையில் ஒரு பெண்மணி விம்மினார். என் உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆயிரக்கணக்கான வரிகள் எழுதியிருக்கிறேன், ஆனால் நான் எழுதியதில் வெள்ளித்திரை ஏறியது இது ஒன்றுதான். பெயர் போடவில்லை என்பது வேறு விஷயம்.

படம் முடிந்து வெளிக்கூடத்துக்கு வந்தேன். எர்மெஸ் கைத்தடியோடு என்னிடம் வந்தார். எண்பத்தாறு வயது. கூட இல்வா. ஆச்சரியம், மறுபக்கம் நெரியோ, காதில் கருவியோடு. பந்தயத்துக்குப் பிறகு மூவரும் ஒன்றாக நின்று நான் பார்த்ததே இல்லை.

“அடெல்மோ, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றார் எர்மெஸ். “அன்னிக்கு உன்னைப் பொய்யன்னு சொன்னேன்.”

“விடுங்க, அதெல்லாம் பழைய கதை.”

“இல்ல, இரு. படத்துல அந்த மீசைக்காரன் கடிகாரத்தை எப்படிப் பாத்தான், கவனிச்சியா? கண்ணே இமைக்கலை. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. நீயும் அப்படித்தானே பாத்துக்கிட்டு இருந்திருப்பே?”

“எனக்கு மீசை கிடையாதுங்க” என்றேன்.

அவர் கண்ணீரோடு சிரித்தார். “அறுபது வருஷமா உன்னையும் திட்டினேன், இவனையும் திட்டினேன். நான்தான் மெதுவா வந்திருக்கேன். என்னை மன்னிச்சிடு.”

“பத்துல ரெண்டை ஒத்துக்க அறுபது வருஷமா?” என்றார் இல்வா. “இதே வேகத்துலதான் அன்னிக்கும் வண்டி ஓட்டியிருப்பே, அண்ணே.”

“என்ன சொல்றான்?” என்று நெரியோ காதுக்கருவியைத் தட்டினார்.

“நீங்கதான் வேகமா வந்தீங்களாம். ஒத்துக்குறாரு” என்றேன்.

“அது எனக்குத் தெரிஞ்சதுதானே” என்றார் நெரியோ. சொல்லிவிட்டு இல்வாவையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்வா தரையைப் பார்த்தார். எண்பத்துநான்கு வயதுப் பெண் வெட்கப்பட்டால் எப்படியிருக்கும் என்று அன்றுதான் கண்டேன்.

நான் எர்மெஸின் தோளில் கைவைத்து, மனதார மன்னித்தேன். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. சிலர் மன்னிப்பை இழுத்தடிப்பார்கள், எனக்கு அந்தக் கெட்ட பழக்கம் இல்லை.

அவர் அதோடு விடவில்லை. அடுத்த வார ஞாயிறன்று நகரத் தலைவர் படத்துக்காக எடுக்கும் விழாவில் மேடையேறி, ஊரறிய என்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதாகச் சொன்னார். பேச்சை எழுதத் தொடங்கிவிட்டாராம். நான்கு பக்கமாம். எனக்குக் கொடுக்க ஒரு கேடயமும் செய்யச் சொல்லியிருக்கிறார்கள், அதில் என் முழுப்பெயரும் வருகிறது. எழுத்துப்பிழை இல்லாமல் இருக்க, பெயரை நானே காகிதத்தில் எழுதிக்கொடுத்தேன்.

இந்த விமர்சனம் விழாவுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை இதழில் வந்திருக்க வேண்டும். பத்திரிகை ஆசிரியர் ஃபுல்வியா மூன்று முறை தொலைபேசியில் கேட்டார். இடுப்புவலி என்றேன். அதனால்தான் அந்த இதழில் உங்களுக்குக் கஷ்கொட்டைச் சாகுபடி பற்றிய கட்டுரை கிடைத்தது. நான் இதைச் சனிக்கிழமை எழுதுகிறேன், திங்கட்கிழமை கொடுப்பேன். அச்சுக்கு முன் என் விமர்சனத்தை யாரும் படிப்பதில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஆனால் ஒரு முதியவர் உயிரைக் கொடுத்து எழுதிய நான்கு பக்கத்தை வீணாக்க எனக்கு மனம் வரவில்லை.

படத்துக்கு ஐந்தில் மூன்று நட்சத்திரம். பாலாடைக்கு ஒன்று கழித்தேன், மீசைக்கு ஒன்று.

நீங்கள் இதைப் படிக்கும்போது விழா முடிந்திருக்கும். எர்மெஸ் பேசியிருப்பார், நானும் எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கட்டித்தழுவியிருப்பேன். அவர் இதையும் படிக்கக்கூடும், படித்தால் கொஞ்சம் மனம் குழம்பக்கூடும். அவர் எதற்கும் கவலைப்பட வேண்டாம். ஒருமுறை கொடுத்த மன்னிப்பைத் திருப்பி வாங்குகிற ஆள் நான் இல்லை.